போட்டவர் மட்டுமே எடுக்க வேண்டும்

நவம்பர் 6

அண்ணி,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால், இன்னும் ஒரு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் கூப்பிட்டுப் பார்த்தேன், பதினேழு தடவை. நீங்கள் எடுத்திருந்தாலும் நான் அழுதிருப்பேன், நீங்கள் வைத்திருப்பீர்கள். காகிதத்தில் அழுதால் உங்களுக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டு முகவரிக்கு நீதிமன்றத்திலிருந்து ஒரு தபால் வந்தது. வீட்டு உரிமையாளர் அதை என்னிடம் கொண்டுவந்து தந்தார். கொலை, கொள்ளை என்று வன்குற்றங்களில் உயிர் போனவர்களின் குடும்பத்துக்கு உதவ அங்கே தனியாக ஒரு பிரிவு இருக்கிறதாம். ஆண்டு முடிவு விடுமுறைக்கு முந்தின வியாழக்கிழமை மாலை, நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் தொட்டியோடு ஒரு மரத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் முன்னால் வந்து, போனவரின் பெயரைச் சொல்லி, அவர் எப்படி வாழ்ந்தார் என்று ஒரே ஒரு வரி பேசி, அவர் நினைவாக ஒரு பொருளைக் கிளையில் மாட்ட வேண்டும். எப்படிச் செத்தார் என்று பேசக் கூடாது. செய்தவனைப் பற்றி மூச்சு விடக் கூடாது. விடுமுறை முடிந்ததும் பொருள்களைக் கழற்றிப் பெயர் எழுதிய பெட்டிகளில் வைத்து, அடுத்த வருடம் மறுபடி மாட்டுகிறார்கள்.

நேரில் போய்ப் பார்த்தேன். அங்கிருந்த அலுவலர் அம்மா பழைய பெட்டிகளைத் திறந்து காட்டினார். ஒன்றில் மூக்குக் கண்ணாடி. ஒன்றில் ஒற்றை ஷூ நாடா. ஒன்றில் ஒரு விளையாட்டு ஆசிரியரின் விசில். "ஊரெல்லாம் விளக்குப் போட்டுச் சிரிக்கிற வாரம்மா அது. இவங்களுக்கு அந்த வாரம்தான் வீடு ரொம்பப் பெரிசாத் தெரியும். அதான் இங்க கூப்பிட்டு வச்சுக்கறோம்" என்றார்.

இரண்டு வருடமாக அந்த வாரத்தில் நான் செய்ததெல்லாம் ஜன்னல் ஜன்னலாகத் தாழ்ப்பாளைச் சரிபார்த்ததுதான். இந்த முறை அண்ணன் பெயர் அந்தக் கூடத்தில் கேட்க வேண்டும். இதில் நான் பின்வாங்கப் போவதில்லை.

ஆனால் மனைவி கையெழுத்துப் போட்டால்தான் பெயரைப் பட்டியலில் சேர்ப்பார்கள். டிசம்பர் ஐந்து கடைசி நாள். படிவம் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். மாட்டுவதற்கு ஒரு பொருளும் வாங்கிவிட்டேன். வெள்ளைப் பீங்கானில், சிறகு விரித்த புறா. நன்றாக இருக்கிறது.

என் குட்டிக்கு மூன்று வயது முடியப் போகிறது.

உங்கள் நாத்தனார்
(அண்ணன் வைத்த பெயரில் சொன்னால், தொடைநடுங்கி)


நவம்பர் 14

நாத்தனாருக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை, தேடாதே.

முதலில் அந்தப் புறா. இரண்டு நாள் சிரித்தேன். சலவைக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, தனியாச் சிரிக்கிறீங்க? இஸ்திரிச் சூடு தலைக்கு ஏறிடுச்சா?" என்று கேட்கிற அளவுக்கு. பதினைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் உன் அண்ணன். லிஃப்டுக்கு மோட்டார் இருப்பது மொட்டை மாடி அறையில். அந்த அறையில் குடித்தனம் நடத்துவது புறா. தினமும் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அவர் சொல்லும் முதல் வார்த்தை, "இன்னிக்கும் ரெண்டு வாளி எச்சம் அள்ளினேன்." நம் வீட்டு ஜன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்தால் குடையைத் தூக்கிக்கொண்டு பாய்வார். அவர் கூடப் பிறந்தவள் நீ, அவர் நினைவாகப் புறாவை மாட்டப் போகிறாய். நல்ல தங்கச்சி.

அடுத்தது. அடக்கம் முடிந்த அன்று வாசலில் வைத்து நான் உன்னை ஒன்று கேட்டேன். "உன் பிள்ளையோட காய்ச்சலுக்கு என் புருஷன் உசுருதான் கெடைச்சுதா?" என்று, அத்தனை பேர் முன்னால். நீ அவருக்குப் போன் பண்ணி, குழந்தைக்கு நூற்று மூன்று டிகிரி, வீட்டில் யாரும் இல்லை, மருந்து வாங்கி வா என்று சொன்னதால்தான் அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அந்த மருந்துக்கடைக்குப் போனார். கத்தியோடு ஒருவன் கல்லாவைக் கொள்ளையடிக்க வந்த நேரத்தில் அங்கே நின்றார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். அந்தக் கடை இருக்கிற தெருவையே நீ மிதிப்பதில்லையாம். உன் வீட்டுக்காரர் வேறு கடைக்குப் போய் வாங்கி வருகிறாராம். நூறு பேர் முன்னால் அண்ணன் பெயரைச் சொல்லத் துணிச்சல் வந்துவிட்டது, அவர் கடைசியாக நின்ற இடத்தில் போய் நிற்க வரவில்லையா?

அந்தக் கடைக்குள் போ. உன் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கு. கல்லாவில் நிற்கிற அம்மாவிடமே வாங்கு, வேறு யாரிடமும் வேண்டாம். ரசீதை எனக்கு அனுப்பு. கையெழுத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அண்ணி

குட்டிக்குப் பல் வரிசை நேராக வந்திருக்கிறதா? அவருக்கு அந்தக் கவலை இருந்தது.


நவம்பர் 28

அண்ணி,

பதில் தாமதம். இரண்டு வாரத்தில் ஒரு தெருவைக் கடக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியவில்லை.

முதல் நாள் தெருமுனை வரை போனேன். குடையை மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். வெயில் கொளுத்தியது. இரண்டாம் முறை குட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடையின் கண்ணாடிக் கதவு வரை போய்விட்டேன். ஒரு ஆள் பாக்கெட்டுக்குள் கையை விட்டபடி எதிரே வந்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு தெருமுனை வரை ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவன் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். "அம்மா, இன்னொரு ரவுண்டு!" என்கிறாள் குட்டி.

கல்லூரியில் நான் படித்தது புள்ளியியல். அந்தக் கடையில் அது மறுபடி நடக்க என்ன வாய்ப்பு என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். லட்சத்தில் ஒன்றுகூட வராது. ஆனால் அந்த ஒன்று நம் வீட்டுக் கதவைத்தானே தட்டியது? அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் என் கால் நடுக்கத்தை நிறுத்துவதில்லை.

மூன்றாம் முறை, நேற்று. குட்டியை என் வீட்டுக்காரரிடம் விட்டேன். "நான் வேணா வாசல்ல நிக்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம். நீங்க நின்னா உங்களையே பார்த்துக்கிட்டு நிப்பேன், உள்ள போக மாட்டேன்" என்றேன்.

போனேன். கதவைத் திறந்ததும் ஒரு மணி அடிக்கிறது. இடது பக்கம் எடை பார்க்கும் இயந்திரம், வலது பக்கம் குழந்தைகள் பால்மாவு டப்பாக்கள். சாதாரணக் கடை அண்ணி. அவ்வளவு சாதாரணமாக இருந்ததில் எனக்குக் கோபம் வந்தது. கல்லாவில் இருந்த அம்மாவிடம் மருந்துப் பெயரைச் சொன்னேன்.

"எத்தனை வயசுக் குழந்தைக்கு?" என்று நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நீங்க... அந்த மெக்கானிக் தம்பிக்கு..."

"தங்கச்சி."

அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு வெளியே வந்து, என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். அவரே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"காய்ச்சல் மருந்தை வாங்கிட்டுக் கதவு வரைக்கும் போயிட்டார்மா. கதவுல கை வச்சவர் போன் வந்துச்சுன்னு நின்னார். பேசி முடிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்தார். 'குதிகால் வெடிப்புக்குக் களிம்பு ஒண்ணு குடுங்கம்மா. இல்லாம போனா இன்னிக்கு வீட்டுக்குள்ள விட மாட்டாங்க'ன்னார். அது மேல் தட்டுல இருந்துச்சு. நான் ஏணியில ஏறி எடுக்கறதுக்குள்ள அவன் உள்ள வந்துட்டான். உங்க அண்ணன் கையை இப்படி விரிச்சு, 'தம்பி, பொறுமை, பொறுமை'ன்னு ரெண்டு தடவை சொன்னார். அவ்வளவுதான்மா. வேற ஒண்ணும் சொல்லலை. எங்கிட்ட யாருமே வந்து கேட்கலை, அதான் இத்தனை நாளா உள்ளயே வச்சிருந்தேன்."

அண்ணி, நாள் முழுக்க ஈரத் தரையில் நிற்கிற வேலை யாருடையது, குதிகால் வெடிப்பு யாருக்கு என்று எனக்குத் தெரியும். கல்லா அம்மாவிடமே வாங்கு என்று நீங்கள் ஏன் அழுத்தி எழுதினீர்கள் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. உங்களிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

ரசீது உள்ளே. இரண்டு பொருள்கள் இருக்கும். காய்ச்சல் மருந்தை நான் வைத்துக்கொண்டேன். களிம்பை இதோடு அனுப்பியிருக்கிறேன். அண்ணன் வாங்க நினைத்தது, இப்போதுதான் வந்து சேருகிறது. படிவத்தையும் மறுபடி வைத்திருக்கிறேன்.

பல் வரிசை நேராக இருக்கிறது. கீழே ஒன்று மட்டும் கொஞ்சம் கோணல், அண்ணனுக்கு இருந்தது மாதிரியே.

உங்கள் நாத்தனார்


டிசம்பர் 2

அம்மாடி,

களிம்பு வந்தது. மூடியைத் திறக்காமல் ஒரு ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் திறந்து பூசிக்கொண்டேன். வாங்கின மருந்தை வீணாக்கினால் அவருக்குப் பிடிக்காது.

ஆமாம், போன் பண்ணினவள் நான்தான். "தங்கச்சி பிள்ளைக்குன்னா ஓடறீங்க, எனக்குன்னா மட்டும் மறந்திடும்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். அதற்குத்தான் அவர் சிரித்திருப்பார். நான் அந்த ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் அவர் கதவைத் தாண்டியிருப்பார். அன்றைக்கு வாசலில் உன்னைக் கேட்டேனே, அது யாராவது என்னைக் கேட்பதற்கு முன்னால் முந்திக்கொண்டு கேட்டது. நீ திரும்பி நின்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். இரண்டு வருடமாக உன் தலையில் வைத்த சுமையைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் சொல்லவும் வரவில்லை. அதனால்தான் உன்னைக் கடைக்கு அனுப்பினேன். கோழைத்தனம்தான். தொடைநடுங்கி என்ற பெயரை அவர் ஆள் மாற்றி வைத்துவிட்டார்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். உனக்குத் தெரியாதது. அவர் அன்று எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலை தொடங்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, தன் போட்டோ ஒட்டிய சிவப்புத் தகடு ஒன்றை மாட்டிவிடுவார்கள். அதில் எழுதியிருக்கும்: "ஆபத்து. இயக்காதீர்கள். ஆள் வேலையில் இருக்கிறார். போட்டவர் மட்டுமே எடுக்க வேண்டும்." வேறு யாராவது கழற்றிச் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கிறவன் நசுங்கிவிடுவான். அதனால் முதலாளியே வந்தாலும் அடுத்தவன் தகட்டில் கை வைக்க மாட்டான்.

பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று பூட்டைப் போட்டபடியே அவர் போயிருக்கிறார். சாவி அவர் இடுப்பில் இருந்தது, போலீஸ் எடுத்துப் போய்விட்டது. மூன்று நாள் அந்தக் கட்டடத்து ஜனங்கள் எட்டு மாடியும் ஏறி இறங்கினார்கள். கூட வேலை செய்கிற பையனிடம் வெட்டும் கருவியைக் கொடுத்தால், "அது அண்ணனோட பூட்டு, நான் வெட்ட மாட்டேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டானாம். கம்பெனிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். நான்தான் போய் வெட்டினேன். அந்த இரும்பு அவ்வளவு சுலபத்தில் அறுபடவில்லை. வெட்டி முடித்ததும் சுவிட்சைப் போட்டார்கள். லிஃப்ட் மேலே போனது. எனக்கு என்னவோ அவர் இனி வர மாட்டார் என்பது அந்தச் சத்தத்தில்தான் தெரிந்தது.

தகடு என்னிடம்தான் இருக்கிறது, அவருடைய வேலைச் சட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். புறாவை யாருக்காவது கொடுத்துவிட்டு மரத்தில் இதை மாட்டு. தபாலில் அனுப்புகிறேன். நான் வர மாட்டேன். அந்தத் தகட்டை ஒரு தடவை கழற்றின கை இது, மறுபடி மாட்ட வராது.

அண்ணி


டிசம்பர் 5

அண்ணி,

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். அலுவலகம் மூட இருபது நிமிஷம் இருக்கும்போது கொடுத்தேன். பெயர் பட்டியலில் ஏறிவிட்டது, என் கண்ணாலேயே பார்த்தேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றி நாம் இனிமேல் பேச வேண்டாம். நான் மருந்து கேட்டேன், நீங்கள் களிம்பு கேட்டீர்கள். உலகத்தில் எல்லா வீட்டிலும் எல்லா நாளும் யாரோ யாரையோ கடைக்கு அனுப்புகிறார்கள். கத்தியை எடுத்துக்கொண்டு வந்தவனை நாம் இரண்டு பேரும் அனுப்பவில்லை. இரண்டு வருடம் அவன் சுமையை நாம் மாற்றி மாற்றித் தூக்கிவிட்டோம். போதும், இறக்கி வையுங்கள். நானும் இறக்கி வைக்கப் பார்க்கிறேன்.

தகட்டைத் தபாலில் அனுப்பாதீர்கள். வந்தால் அதே தபாலில் திருப்பி அனுப்புவேன். போட்டவர் மட்டுமே எடுக்க வேண்டும் என்று எழுதிய தகட்டை நீங்கள்தான் எடுத்தீர்கள், வேறு யாராலும் முடியாமல் போனபோது. அப்படியென்றால் மாட்டவும் நீங்கள்தான். ஒரு வரி பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். கால் நடுங்கும், நடுங்கட்டும்.

நீங்கள் கடைக்குப் போகச் சொன்னீர்கள், போனேன். இப்போது என் முறை. அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிப் பேருந்தில் ஏறினால் ஐந்துக்கு வந்துவிடலாம். நிறுத்தத்தில் நிற்பேன். குட்டியும் நிற்பாள். அவளுக்கு உங்களை அடையாளம் தெரியாது, அதனால் வம்பு பண்ணாமல் சிரியுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 6

அண்ணி,

அன்றைக்குக் கடைசிப் பேருந்துக்கு ஓடிவிட்டீர்கள், அதனால் பாதி விஷயம் உங்களுக்குத் தெரியாது. நான் பேசியதற்கு மற்ற குடும்பங்கள் சிரித்தார்களே, அது தப்பாகிவிட்டதோ என்று அங்கேயே பயந்துவிட்டேன். "எங்க அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள்ல புறாவைத் தவிர வேற யாரையும் விரட்டினதில்லை." யோசித்து வைத்திருந்த வரி வேறு. மேலே போய் நின்றதும் உங்கள் முகத்தைப் பார்த்தேன், இது வந்துவிட்டது. நீங்கள் கிளம்பின பிறகு, மரத்தில் மூக்குக் கண்ணாடியை மாட்டுகிற அந்த அப்பா என்னிடம் வந்து, "ஆறு வருஷமா வர்றேன்மா. இந்தக் கூடத்துல சிரிப்புச் சத்தம் கேட்டது இன்னிக்குத்தான்" என்றார். அந்தப் புறாவை யாருக்குக் கொடுத்தேன் என்று கேட்டீர்களே. மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா வெறுங்கையோடு வந்திருந்தார். அவர் மகளுக்குப் பறவை என்றால் உயிராம். மூன்றாவது கிளையில் இருந்தது.

இப்போது எழுதுவது வேறு ஒரு அவசரத்துக்கு. இன்று காலை அலுவலர் அம்மா போன் பண்ணினார். விடுமுறை முடிந்து எல்லாப் பொருள்களையும் கழற்றிப் பெட்டிகளில் வைத்துவிட்டார்களாம், ஒன்றைத் தவிர. கழற்ற வந்த ஆட்களில் ஒருவர் நீதிமன்றக் கட்டடத்து எலெக்ட்ரீஷியன். தகட்டைப் பார்த்ததும் ஏணியை விட்டு இறங்கிவிட்டார். "இதைத் தொட மாட்டேன் மேடம். போட்டவங்க வரணும். இது எங்க தொழில்ல சட்டம்." மற்றவர்களையும் தொட விடவில்லை. அலுவலர் அம்மா சொல்லிப் பார்த்திருக்கிறார், இது சுவிட்ச் இல்லையே, மரம்தானே என்று. "எதுல போட்டிருந்தா என்ன மேடம்? எழுதியிருக்கில்ல?" என்கிறாராம்.

நாலு நாளாக மரம் கூடத்துக்கு நடுவில் நிற்கிறது, ஒற்றைத் தகட்டோடு. வக்கீல்கள், வழக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். "யார் போட்டாங்களோ அவங்களைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

நான் போட்டிருந்தால் நானே போய் எடுத்திருப்பேன். போட்டது நீங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 10

அம்மாடி,

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன். "யாருக்கு என்ன?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "என் வீட்டுக்காரர் வேலையை முடிச்சுக் குடுக்கணும்" என்றேன்.

அந்த எலெக்ட்ரீஷியன் யார் என்று விசாரித்து வை. நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வழியை அடைக்கிறது என்று யாராவது முணுமுணுத்தால், எட்டு மாடி ஏறினவர்களே பொறுத்துக்கொண்டார்கள், நாலடி சுற்றிப் போகிறவர்களுக்கு என்ன கேடு என்று கேள்.

பெட்டியின் மேல் பெயரை நீ எழுது. உன் கையெழுத்துத்தான் பார்க்கிற மாதிரி இருக்கும். அடுத்த வருடமும் மாட்டுவது நான், பேசுவது நீ. அதற்கு அடுத்த வருடமும் அப்படித்தான். இரவு உங்கள் வீட்டில்தான் தங்குவேன், பேருந்துக்கு ஓட மாட்டேன்.

குதிகால் ஆறிவிட்டது. நிறுத்தத்தில் வந்து நிற்க வேண்டாம், அங்கிருந்து நடந்தே வருகிறேன். அதுவரை யாரும் அந்தத் தகட்டில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிடு.

அண்ணி